ரூகர் 10/22: காசை ட்ரிகர்ல போடறதா, பேரல்ல போடறதா, தோட்டாவுல போடறதா?

வைகைக்கரை (டல்லாஸ் பக்கம்)

10/22ங்கற ரூகர் கம்பெனி .22 ரைபிளை வாங்கினவங்க எல்லாரும் அடுத்த வாரமே கேக்கற கேள்வி "இப்ப என்ன மாத்தலாம்"ங்கறதுதான். பதிலா வர்றது பெரிய ஷாப்பிங் லிஸ்ட். எனக்கு அதுல உடன்பாடு இல்ல, என் கணக்கை இங்க வெக்கறேன், மறுக்கறவங்க தாராளமா மறுங்க.

நாம .22ங்கற இந்தச் சின்ன தோட்டாவைச் சுடறதே விலைக்காகத்தான். இன்னிக்கு நிலவரத்துல சாதாரண .22 எல்ஆர் ஒரு ரவுண்டு 7, 8 சென்ட்டுக்குக் கிடைக்குது, 9 எம்எம் பிஸ்டல் தோட்டா 25 சென்ட் பக்கம், ஏஆர்-15 மாதிரி ரைபிள்ல போடற 5.56 அரை டாலரை ஒட்டி நிக்குது. கடைக்குக் கடை மாறும், ஆனா விகிதம் கிட்டத்தட்ட இதுதான். ஒரு சனிக்கிழமை காலையில ரேஞ்சுக்குப் போயி 200 ரவுண்டு சுட்டா .22-ல 15 டாலர், 9 எம்எம்-ல 50, 5.56-ல 100. அந்த 100 டாலரை வெச்சு .22-ல மாசம் முழுக்க சுடலாம். தோள்ல உதை இல்ல, காதைப் பிளக்கற சத்தம் இல்ல, அதனால கண்ணை மூடிக்கிட்டு ட்ரிகரை வெடுக்குன்னு இழுக்கற கெட்ட பழக்கமும் ஒட்டாது.

இப்ப இந்த ரைபிளுக்கு வருவோம். 1964-ல வந்த டிசைன், இன்னமும் அமெரிக்காவுல அதிகமா விக்கற .22-கள்ல இதுவும் ஒண்ணு. காரணம் பிரிக்கறது அவ்வளவு சுலபம். ஸ்டாக்கை (தோள்ல வெக்கற கட்டை) பிடிச்சிருக்கறது ஒரே ஒரு ஸ்க்ரூ. ட்ரிகர் அசெம்ப்ளி மொத்தமும் ரெண்டு பின்னைத் தள்ளினா கையோட வந்துடும். பேரல் (குழல்) ரிசீவருக்குள்ள (ரைபிளோட நடு உடம்பு) மரை போட்டு முறுக்கினது இல்ல, கீழ ஒரு வி-பிளாக், ரெண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான், ஆலன் கீ இருந்தா கிச்சன் டேபிள்லயே மாத்திடலாம். சட்டப்படி சீரியல் நம்பர் இருக்கற ரிசீவர்தான் "துப்பாக்கி", மத்ததெல்லாம் வெறும் பார்ட்ஸ், தபால்ல வீட்டுக்கே வரும். இந்த வசதிதான் ஆளை இழுத்துட்டுப் போயி 300 டாலர் ரைபிள் மேல 1200 டாலரைக் கொட்ட வெக்குது. அதுக்கப்புறம் தோட்டா வாங்கக் காசு இல்லாம ரைபிள் சேஃப்ல தூங்கும்.

என் வரிசை இதுதான். முதல்ல ட்ரிகர். கூடவே அஞ்சாறு வகை தோட்டா வாங்கி எது உங்க பேரலுக்குப் பிடிக்குதுன்னு பாக்கறது. அடுத்து ஸ்டாக், அதுவும் உடம்புக்குப் பொருந்தலைன்னா மட்டும். பேரல் கடைசி, பல பேருக்கு அது தேவையே படாது.

ட்ரிகர் ஏன் முதல்ல? கம்பெனியிலேர்ந்து வர்ற ட்ரிகர் 6 பவுண்டுக்குப் பக்கத்துல இழுக்கணும். ரைபிளோட எடையே 5 பவுண்டுதான். ரைபிள் எடையை விட அதிக பலத்தை விரல்ல குடுத்து இழுக்கறப்ப ரைபிள் நகராம எப்படி இருக்கும்? ரூகரே விக்கற பிஎக்ஸ் ட்ரிகர் 3 பவுண்டுக்குக் கீழ, விலை கிட்டத்தட்ட 90 டாலர். போட்ட அன்னிக்கே 50 யார்டுல குரூப் (பேப்பர்ல ஓட்டைங்க விழற பரப்பு) சுருங்கறது கண்ணுக்குத் தெரியும். பேரல் மாத்தி அவ்வளவு வித்தியாசம் பாக்கணும்னா நல்ல தோட்டாவும் சேத்து வாங்கியாகணும்.

---

தச்சன்75 (பென்சில்வேனியா)

ட்ரிகர் விஷயத்துல சண்டை இல்ல தம்பி. ஆனா "ஸ்டாக் பொருந்தலைன்னா மட்டும்"னு எழுதினீங்க பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன்.

நம்மள்ல நிறைய பேருக்கு சுடறது பாதி, கை வேலை பாதி. இங்க டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பனி, வெளி ரேஞ்சுல நிக்க முடியாது. அந்த மாசங்கள்ல நான் பேஸ்மென்ட்ல வால்நட் கட்டையை எடுத்து ஸ்டாக் செதுக்குவேன். ரிசீவர் உக்கார்ற குழியை இன்லெட்டிங்னு சொல்வோம், அதுல ரிசீவர் மேல விளக்குப் புகையைத் தடவி மரத்துல அழுத்திப் பாத்து, கறுப்பு ஒட்டின இடத்தை மட்டும் உளியால ஒரு சீவு, திரும்ப அழுத்து, திரும்ப சீவு. எல்லாப் பக்கமும் சமமாக் கறுப்பு படியற வரைக்கும் இதேதான் வேலை. அப்புறம் டங் எண்ணெய், ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நல்லாக் காய விட்டு, நைசான ஸ்டீல் வுல்லால தேச்சு, அடுத்த கோட்டு. வால்நட்டோட ரேகை உள்ளேர்ந்து மெல்ல எழும்பி வர்றதைப் பாக்கறதுக்கே நான் இந்த வேலையைச் செய்வேன்.

இதுக்கு ஆகற காசு ஒரு கட்டை, ஒரு டப்பா எண்ணெய். 10/22 இதுக்கு ஏத்த ரைபிள், ஏன்னா உதை இல்லாததால மரம் பிளக்கும்ங்கற பயம் இல்ல, வடிவத்துல தைரியமா விளையாடலாம்.

இன்னொண்ணு, பேரலைச் சுத்தி மரம் எங்கயாவது ஒரு பக்கம் மட்டும் அழுத்துதான்னு பாருங்க. ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு இழுத்தாத் தெரிஞ்சிடும். கம்பெனி ஸ்டாக்ல முன்னாடி இருக்கற பேரல் பேண்டை (பேரலையும் ஸ்டாக்கையும் சேத்துப் பிடிக்கற வளையம்) கழட்டிட்டு ஒரு குரூப், மாட்டிட்டு ஒரு குரூப் சுட்டுப் பாருங்க. சில ரைபிள்ல ஒண்ணும் ஆகாது, சில ரைபிள்ல குரூப் வடிவமே மாறும். செலவு பூஜ்யம்.

---

புதுசு_இங்க (வட கரோலினா)

வணக்கம் அண்ணே, எல்லாத்தையும் படிச்சுட்டு வரேன். எனக்கு கிரீன் கார்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, 10/22 வாங்கலாம்னு இருக்கேன், மொத்த பட்ஜெட் ஸ்கோப்போட சேத்து 500 டாலர். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கிரீன் கார்டு போதுமா இல்ல சிட்டிசனா இருக்கணுமா. ரெண்டு, என் ரூம்மேட் எச்-1பி-ல இருக்கான், அவனும் ரேஞ்சுக்கு வந்து ரெண்டு மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி) சுடறேன்ங்கறான், கூட்டிட்டுப் போகலாமா? அவன் வாங்கப் போறதில்ல, சும்மா சுடறதுதானே.

---

வைகைக்கரை

தம்பி, ரெண்டாவது கேள்வியை நீங்க கேட்டதுக்கு சந்தோஷம், ஏன்னா நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாது.

உங்களுக்குப் பிரச்னை இல்ல. கிரீன் கார்டு இருக்கறவங்க வாங்கலாம். கடையில 4473ன்னு ஒரு ஃபாரம் நிரப்பணும், அதுல உங்க ஏலியன் நம்பரையும் போடணும், அப்புறம் நிக்ஸ் செக் (பின்னணி சோதனை) ஓடும். ஃபெடரல் சட்டப்படி டீலர்கிட்ட ரைபிள் வாங்க 18 வயசு, பிஸ்டல் வாங்க 21. மாநில சட்டம் அதுக்கு மேல தனியா இருக்கலாம், உங்க ஊர் கடைக்காரரையே கேட்டுக்குங்க.

ரூம்மேட் கதை வேற. எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சுக்கறதே ஃபெடரல் சட்டத்துல குற்றம். வாங்கறது மட்டும்னு நினைக்காதீங்க, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதும் "வெச்சுக்கறது"ல அடங்கிடும். "சும்மா ரெண்டு மேகசின்"ங்கறது கோர்ட்ல செல்லாது, விசா, கிரீன் கார்டு எல்லாத்துக்கும் உலை வெச்சிடும். ஆனா சட்டத்துலயே சில விலக்கு இருக்கு, அதுல முக்கியமானது அமெரிக்காவுல முறையா குடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். ஏதாவது ஒரு மாநிலத்துல ஹன்டர் எஜுகேஷன் முடிச்சு லைசென்ஸ் எடுத்துட்டா வழி இருக்கு. அதை எடுத்துட்டு, அவனோட விசா வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவன் கையில ரைபிளைக் குடுக்காதீங்க, உங்களுக்கும் சேத்துதான் ஆபத்து.

---

ஓஹியோக்காரன்

பாஸ், எல்லாரும் 10/22லயே நிக்கறீங்க. நான் வேற கட்சி.

குரூப் சின்னதா வரணும், பேப்பர்ல ஒரே ஓட்டையா வரணும்னு ஆசைப்படறவங்க 10/22 மாதிரி செமி-ஆட்டோவுல (அடுத்த தோட்டா தானா ஏறற ரைபிள்) காசைப் போட்டு மல்லுக்கட்டறதை விட நேரா ஒரு போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால போல்ட்டை இழுக்கற ரைபிள்) வாங்கிடலாம். சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ், காசு கம்மின்னா சாவேஜ் மார்க் 2, அதுல ஆக்யூட்ரிகர்னு அட்ஜஸ்ட் பண்ற ட்ரிகர் போட்டே வருது. சிஇசட்-ல ட்ரிகரை அட்ஜஸ்ட் பண்ணலாம், பேரலையும் நாமளே மாத்திக்கலாம். பெட்டியிலேர்ந்து எடுத்த அன்னிக்கு சுடறதையே ஒரு 10/22 எட்டணும்னா ட்ரிகர், பேரல், ஸ்டாக் மூணும் மாத்தியாகணும், அப்ப விலை சிஇசட்-டைத் தாண்டிடும்.

தோட்டாவைப் பத்தி வைகைக்கரை ரெண்டு வரியில முடிச்சுட்டார், எனக்கு அதுதான் முழுக் கதையே. .22 எல்ஆர் 1887-லேர்ந்து இருக்கு, இதோட காலி கேஸை வீட்ல திரும்ப நிரப்பி ரீலோட் பண்ண முடியாது, ஏன்னா வெடிக்கற மருந்து அடி விளிம்புக்குள்ள இருக்கு, ரைபிளோட ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வெக்குது, ஒரு தடவை நசுங்கினா அந்தக் கேஸ் குப்பை. அதனால சென்டர்ஃபயர்காரங்க (அடியோட நடுவுல அடிச்சு வெடிக்கற தோட்டா சுடறவங்க) மாதிரி மருந்தைக் கூட்டிக் குறைச்சு ரைபிளுக்கு ஏத்த மாதிரி செய்ய நமக்கு வழி இல்ல, கடையில இருக்கறதுலேர்ந்து பொறுக்கறது மட்டும்தான் வழி.

பொறுக்கறப்ப முதல்ல பாக்க வேண்டியது வேகம். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி நொடிக்கு 1070 அடி, சத்தத்தோட வேகத்துக்குக் கீழ. மினி-மேக் 1235, மேல. சத்தத்தை விட வேகமாக் கிளம்பின குண்டு 100 யார்டு போறதுக்குள்ளயே வேகம் குறைஞ்சு சத்தத்தோட வேகத்தைக் கடந்து கீழ இறங்கும், அந்தக் கடக்கற இடத்துல ஆட்டம் குடுக்கும், குரூப் விரியும். அதனாலதான் மேட்ச் (போட்டி) தோட்டா எல்லாம் மெதுவா இருக்கு. பேப்பருக்கு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, செமி-ஆட்டோ தடங்காம ஓடணும்னா மினி-மேக், இது என் வழக்கம். டெஸ்ட் பண்றப்ப ஒரு பிராண்ட்லேர்ந்து அடுத்ததுக்கு மாறினதும் முதல் பத்து பதினஞ்சு ரவுண்டை கணக்குல எடுக்காதீங்க, பழைய தோட்டாவோட மெழுகு பேரல்ல இருக்கும், புதுசு படியணும்.

போட்டின்னு போகணும்னா என்ஆர்எல்22 பாருங்க. 2017-லேர்ந்து நடக்குது, மாசாமாசம் ஒரே சுடும் திட்டத்தை நாடு முழுக்க இருக்கற கிளப்புங்க அவங்கவங்க ரேஞ்சுல நடத்துறாங்க, அதிக தூரமே 100 யார்டுதான். பேஸ் கிளாஸ்னு ஒரு பிரிவு, ரைபிள் ஸ்கோப் விலைக்கு உச்சவரம்பு போட்டு வெச்சிருக்காங்க, காசுக்காரன் மட்டும் ஜெயிக்கற ஆட்டமா ஆகிடக் கூடாதுன்னு. அங்க போயி நாலு பேர் எப்படி சுடறாங்கன்னு பாத்தப்புறம் பார்ட்ஸ் வாங்குங்க, கண்ணு தெளிஞ்சிடும்.

---

பேஏரியா_பொண்ணு

நான் கலிஃபோர்னியாலேர்ந்து எழுதறேன், இங்கத்த கதை கொஞ்சம் வேற. எங்களுக்கு 25 ரவுண்டு மேகசின் கிடையாது, பத்துதான் உச்சம், 10/22 கூட வர்ற ரோட்டரி மேகசின் பத்துங்கறதால எந்த இழப்பும் இல்ல. பிஸ்டல் கிரிப், மடக்கற ஸ்டாக் இதெல்லாம் இங்க செமி-ஆட்டோ சென்டர்ஃபயர் ரைபிளுக்குத்தான் தலைவலி, அந்த வரையறைக்குள்ள ரிம்ஃபயர் (.22 மாதிரி விளிம்புல அடிச்சு வெடிக்கறது) வராது. அதனால பே ஏரியாவுல ரைபிளை ஆசைப்பட்ட மாதிரி மாத்தி விளையாடணும்னா .22தான் நிம்மதி.

ஸ்டாக் பத்தின சண்டையில நான் தச்சன் அண்ணா பக்கம், ஆனா காரணம் வேற. நான் அஞ்சடி. கம்பெனி ஸ்டாக் எனக்கு நீளம், ட்ரிகரை எட்ட தலையைப் பின்னாடி தள்ளி முதுகை வளைச்சு நிப்பேன், அப்படி நின்னா எந்த ட்ரிகரும் உதவாது. பொம்பளைங்களுக்கும் பசங்களுக்கும் முதல் செலவு ஸ்டாக்தான். ரூகரோட காம்பேக்ட் மாடல் இருக்கு, மேக்புல் எக்ஸ்-22 ஸ்டாக்ல நடுவுல தகடு சேத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், கன்னம் வெக்கற இடத்தையும் உயர்த்தலாம். என் பொண்ணுக்கு சின்னதா வெச்சுக் குடுத்தப்ப அவ முகமே மாறிடுச்சு, அதுவரைக்கும் "வலிக்குது, போலாம்"னு சொன்னவ, "இன்னும் ஒரு மேகசின் மா"ன்னு கேக்க ஆரம்பிச்சா.

வைகைக்கரை அண்ணா, உங்க லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப் போச்சு, பயிற்சி. ஆப்பிள்சீட்னு வாரக்கடைசி வகுப்பு நாடு முழுக்க நடக்குது, .22 கொண்டு போனாப் போதும். 25 மீட்டர்ல வெச்ச சின்ன டார்கெட், அதுவே 100லேர்ந்து 400 யார்டு வரைக்கும் இருக்கற மாதிரி அளவைக் குறைச்சு அச்சடிச்சிருப்பாங்க. நின்னு, உக்காந்து, படுத்து 40 ரவுண்டு, மொத்தம் 250 மார்க், 210 எடுத்தா ரைபிள்மேன் பேட்ச். அங்க வர்ற 10/22ல முக்காவாசி பேர் மாட்டியிருக்கறது டெக்-சைட்ஸ் பீப் சைட்டும் (சின்ன ஓட்டை வழியா குறி பாக்கறது), ஸ்லிங் பட்டையும்தான். ஸ்லிங்கைக் கையில சுத்தி இறுக்கிப் படுத்து சுடக் கத்துக்கிட்டா, பட்டைக்குக் குடுத்த காசு பேரலை விட அதிகம் வேலை செய்யும்.

---

வைகைக்கரை

அக்கா சொன்னது சரி, உயரத்துக்கு ஏத்த ஸ்டாக்குன்னா அதை ட்ரிகருக்கு முன்னாடி வெக்கறேன். ஸ்லிங்கும் லிஸ்ட்ல ஏறுது.

ஓஹியோக்காரரே, பேப்பர் குரூப்புக்கு போல்ட் ஆக்ஷன்தான், மறுக்கல. ஆனா ஸ்டீல் தட்டுல டிங் டிங்னு வேகமா அடிக்கற சுகம் போல்ட்ல வராது. ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில ரிம்ஃபயருக்குன்னே ரைபிள், பிஸ்டல் பிரிவு இருக்கு, அங்க ஆளுக்கு ஆள் 10/22 தான் தூக்கிட்டு வராங்க, பிஸ்டல்னா ரூகர் மார்க் 4. மார்க் 4-ஐப் பிரிக்க ஒரே பட்டன், அதுக்கு முந்தின மாடலைப் பிரிச்சு மாட்டினவங்களுக்கு அந்தப் பட்டனோட அருமை தெரியும்.

பேரல் மாத்தற யோசனையில இருக்கறவங்க செம்பரை (பேரல்ல தோட்டா உக்கார்ற குழி) கேட்டு வாங்குங்க. மேட்ச் செம்பர் இறுக்கமா இருக்கும், குரூப் நல்லா வரும், ஆனா செமி-ஆட்டோவுல தடங்கும். கம்பெனி செம்பர் தொளதொளன்னு எதைப் போட்டாலும் ஓடும். பென்ட்ஸ் செம்பர் ரெண்டுக்கும் நடுவுல, 10/22-க்கு அதுதான் பொருத்தம். பென்ட்ஸ், மேட்ச் ரெண்டுலயும் சிசிஐ ஸ்டிங்கர் போடாதீங்க, அதோட கேஸ் சாதாரண .22 எல்ஆரை விட நீளம்.

பத்து பதினஞ்சு டாலர்ல கிடைக்கற ரெண்டு சின்ன பார்ட் இருக்கு, அதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஒண்ணு போல்ட் பஃபர், பின்னாடி போல்ட் வந்து மோதற இரும்புப் பின்னுக்குப் பதிலா யூரித்தேன் பின், ரிசீவர் அலுமினியம்ங்கறதால மோதல் மெத்துனு ஆகறது நல்லது, சத்தமும் குறையும். இன்னொண்ணு வோல்குவார்ட்சன் எக்ஸ்ட்ராக்டர் (காலி கேஸை வெளிய இழுக்கற கொக்கி), காலி கேஸ் செம்பர்ல மாட்டிக்கற தொல்லை இருக்கறவங்களுக்கு.

---

தச்சன்75

சுத்தம் பண்றதைப் பத்தி யாரும் பேசலையே. .22 அழுக்குப் பிடிச்ச சாதி. குண்டு மேல மெழுகு, ஈயம் வெளியில அப்படியே தெரியுது, மருந்துத் துகளும் சேந்து போல்ட் முகத்துல கறுப்பா அப்பிக்கும். தடங்கறதுக்குப் பாதி காரணம் இதுதான், பார்ட் மாத்தறதுக்கு முன்னாடி பல் தேய்க்கற பிரஷ்ஷால போல்ட் முகத்தையும் எக்ஸ்ட்ராக்டர் அடியையும் தேச்சுப் பாருங்க. மேகசினையும் ஊதி விடுங்க. பேரலை ஒவ்வொரு தடவையும் கம்பி விட்டுக் குடைய வேண்டாம், சாதாரண 10/22 ரிசீவர்ல பின்பக்கம் ஓட்டை இல்லாததால கம்பியை வாய்ப் பக்கமிருந்துதான் விடணும், உரசி உரசி வாய் தேஞ்சுதுன்னா குரூப் போச்சு. பின்னாலேர்ந்து இழுக்கற போர் ஸ்னேக் கயிறு போதும்.

சுட்டு முடிச்சதும் கை கழுவாம எதையும் சாப்பிடாதீங்க, பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதுல கறாரா இருங்க, அவ்வளவும் ஈயம். கண்ணாடியும் கட்டாயம். கிளிக்னு சத்தம் வந்து வெடிக்கலைன்னா ரைபிளை டார்கெட் பக்கமே நீட்டி அரை நிமிஷம் பிடிச்சுட்டு அப்புறம் திறங்க. விளிம்புல மருந்து எல்லா இடத்துலயும் சமமாப் படியாம போறதுண்டு, அதனால சென்டர்ஃபயரை விட .22-ல இந்தக் கிளிக் அதிகம்.

---

புதுசு_இங்க

நன்றி அண்ணே, அக்கா. ரூம்மேட்கிட்ட சொல்லிட்டேன், அவன் ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ்ல சேரப் போறான். என் 500 டாலரை எப்படிப் பிரிக்கலாம்? எனக்கு உயரம் சராசரிதான், ஸ்டாக் மாத்தத் தேவை இருக்காதுன்னு நினைக்கறேன். வீட்ல ஏற்கனவே பெரிய ரைபிளுக்குன்னு நண்பர் குடுத்த ஸ்கோப் ஒண்ணு கிடக்கு, அதையே போடலாமா?

---

ஓஹியோக்காரன்

அந்த ஸ்கோப்புல பேரலாக்ஸ் அட்ஜஸ்ட் பண்ற திருகு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பெரிய ரைபிள் ஸ்கோப்புங்க பெரும்பாலும் 100 யார்டுக்கு செட் பண்ணி வரும், ரிம்ஃபயர் ஸ்கோப் 50-க்கு. 25 யார்டுல நீங்க சுடறப்ப கண்ணை லேசா நகத்தினாலே குறுக்குக் கம்பி டார்கெட் மேல நகர்ற மாதிரி தெரியும், குரூப் விரியும், நீங்க ரைபிளைத் திட்டுவீங்க. திருகு இருந்தா தாராளமாப் போடுங்க, இல்லைன்னா ரிம்ஃபயருக்குன்னு விக்கற 2-7 இல்ல 3-9 ஸ்கோப் சல்லிசான விலையிலயே கிடைக்கும்.

50 யார்டுக்கு ஜீரோ பண்ணுங்க, அதாவது அந்த தூரத்துல குறி வெச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி ஸ்கோப்பை செட் பண்ணுங்க. அந்த ஜீரோவுல ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா 100 யார்டுல 6, 7 அங்குலம் கீழ விழும், அதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

---

வைகைக்கரை

ரைபிள் 300 பக்கம். ஸ்கோப் ஓசியில ஒத்து வந்தா ரிங்குக்கு மட்டும் செலவு, ஸ்கோப் பேஸ் ரைபிள் பெட்டியிலயே இருக்கும். இல்லைன்னா ஸ்கோப்பை ஒத்திப் போட்டு இரும்பு சைட்லயே ஆரம்பிங்க. பிஎக்ஸ் ட்ரிகர் 90. மிச்சம் இருக்கறது முழுக்க தோட்டா: ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில ரெண்டு பிராண்ட், மினி-மேக், ஒரு பல்க் பாக்கெட். காது மஃப், கண்ணாடி ரேஞ்சுல இரவல் குடுப்பாங்க, ஆனா சீக்கிரம் சொந்தமா வாங்கிடுங்க. பூட்டு பெட்டியிலயே வரும், வீட்ல குழந்தைங்க வந்து போறாங்கன்னா அது போதாது, பூட்டற பெட்டி ஒண்ணு வேணும்.

தோட்டா விலை இறங்கி இருக்கறப்ப கொஞ்சம் கூடவே வாங்கி வைங்க. 2013 வாக்குல .22 கடையிலேர்ந்தே காணாமப் போச்சு, சென்டர்ஃபயர் கிடைச்சப்பக் கூட இது கிடைக்கல, கடையில ஆளுக்கு ஒரு பெட்டின்னு அளந்து குடுத்தாங்க. அப்ப பார்ட்ஸ் நிறைய வெச்சிருந்தவங்க இல்ல, தோட்டா வெச்சிருந்தவங்கதான் ரேஞ்சுக்குப் போனாங்க.

ட்ரிகரை மாத்தறதுக்கு முன்னாடி கம்பெனி ட்ரிகர்லயே 50 யார்டுல அஞ்சு குரூப் சுட்டு அந்தப் பேப்பரை பத்திரமா வைங்க. மாத்தினப்புறம் அதே தோட்டாவுல திரும்ப அஞ்சு. ரெண்டு பேப்பரையும் ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க தம்பி, பேரல் வேணுமா வேண்டாமாங்கறதை அப்புறம் பேசலாம்.